ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு வக்கீல்?

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டு சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கும். அங்கே கையை விட்டு இதை எடுத்திருக்கிறீர்கள் என்றால் நீங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். இந்த வீட்டில் வேறு யாரும் அந்த டப்பாவைத் தொட்டதே கிடையாது. அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதே. அப்பாவுக்குக் காட்டவே காட்டாதே. மாமாவுக்குக் காட்டினால் ஊருக்கே காட்டிய மாதிரி.

குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வாடகை வீட்டில் தாழ்ப்பாள் இருக்கிற ஒரே அறை இதுதான். மற்ற இரண்டு அறைகளில் சுவர் முழுக்க ஈரம். அம்மா இருமி இருமி இப்போது தூங்கிவிட்டாள்.

அப்பா வீடு வாங்கப் போகிறார். பழைய வீடு. மாடியில் ஒரு அறை, கீழே மூன்று. அதில் சின்னது எனக்கு. கதவு இருக்கிறது, சாத்திப் பார்த்துவிட்டேன், சாத்துகிறது! முன்பணம் கொடுத்தாயிற்று. இந்த வீட்டை மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியும் ஆயிற்று. 21ஆம் தேதி வக்கீல் ஆபீசில் கையெழுத்து. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். ஆனால் எரிச்சலாக வருகிறது.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னையும் வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவும் வந்தார். மாமா அம்மாவுடைய தம்பி. அவருக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் இல்லை. வீட்டைப் பிடித்ததும் அவர்தான். வக்கீல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் விக்கிறவரோட வக்கீல். உங்க பக்கம் பாக்கறதுக்கு நீங்க தனியா ஒருத்தரை வச்சுக்கறது நல்லது."

"ஒரு வீட்டுக்கு எதுக்கு சார் ரெண்டு வக்கீல்?" என்றார் மாமா. "ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா?"

அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் வக்கீல் தன் கட்டணத்தைச் சொன்னார். பத்திரம் எழுத இவ்வளவு. பதிவு அலுவலகத்துக்குக் கூட வர இவ்வளவு. பழைய பத்திரங்களைத் தேடி, வீடு யார் யாருக்குச் சொந்தம், கடன் கிடன் உண்டா என்று பார்த்துச் சொல்ல இவ்வளவு. அப்பா காய்கறிக் கடையில் நிற்பது போல ஆகிவிட்டார்.

"எழுதறதுல கொஞ்சம் குறைங்க."

"எப்படிங்க குறைக்கறது? பாதிப் பத்திரமா எழுதித் தரட்டுமா?"

"அப்ப இந்தத் தேடறதை எடுத்துடுங்க. சும்மா பாக்கறதுக்கே காசா?"

"எடுத்துடலாம். வேண்டாம்னு நீங்களே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

அப்பா பரிசு வாங்குகிறவர் மாதிரி கையெழுத்துப் போட்டார். வழியெல்லாம் ஒரே பெருமை. "வக்கீல்கிட்டயே குறைச்சுட்டேன், பாத்தியா?"

அப்பா குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பண்ணுகிறவர். நேற்றுத்தான் கடைக்கு வந்த ஒருவர், "திறந்து பாக்கறதுக்கே காசா?" என்று கேட்டார். அப்பா அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "திறக்காம உள்ள எது செத்திருக்குன்னு எப்படிங்க தெரியும்? அது தெரியறதுக்குத்தாங்க காசு!"

நேற்று! ஒரு நாள்கூட ஆகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

வக்கீலிடம் மிச்சம் பிடித்த காசில் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கலாம் என்று மாமா யோசனை சொன்னார். திரைச்சீலை!

மார்ச் 9, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று கணக்குச் சிறப்பு வகுப்புக்குப் போகவில்லை. என் அறையை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். மேசையை எங்கே போடுவது என்று யோசித்து வைக்கத்தான். வாசற்கதவு பூட்டியிருந்தது. பக்கவாட்டில் மாடிப்படி. மேல்படியில் ஒரு அக்கா தலையை விரித்துப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டை விற்கிறவர் இவளைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார்: வாடகைக்கு இருக்கிறாள், மாதக் கடைசியில் போய்விடுவாள் என்று.

நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "அக்கா, நீங்க எப்போ காலி பண்றீங்க?"

"எதை?"

"மாடியை. நாங்கதான் இந்த வீட்டை வாங்கறோம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் வாடகைக்கு இருக்கேன்னு யாரு சொன்னது? எங்க அண்ணனா?"

அண்ணன்!

அவள் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறாளாம். வீடு அவர்களுடைய அம்மா பெயரில் இருந்ததாம். அம்மா போன பிறகு அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. "எங்கிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கலை. காசும் காட்டலை. நீங்க தாராளமா வாங்கிக்குங்க. நான் பாட்டுக்கு மேல இருப்பேன். பகல்ல தூங்கணும், சத்தம் மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பொய்யாக இருக்கும் என்று நினைத்திருப்பேன்.

ஓடி வந்தேன். தெருமுனையில் அவர் நிற்கிறார். விற்கிறவர். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பதால் நான் அவருக்குச் 'சிரிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். இப்போதும் சிரிப்புத்தான்.

"அட, நம்ம பாப்பாவா? இந்நேரம் வகுப்பு இருக்குமே? அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி சரி, நான் சொல்லமாட்டேன். நீயும் எதையும் சொல்லாதே. சரியா?" என்று என் தலையில் கையை வைத்தார். வீட்டுக்கு வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

சிரிப்பு கடைக்கே வந்துவிட்டார். நான் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "பாப்பா நல்லாப் படிக்குதா? சிறப்பு வகுப்புக்கெல்லாம் ஒழுங்காப் போகுதா?" என்று அப்பாவிடம் கேட்டார். கண் என்மேல்.

"அதெல்லாம் ஒரு நாள்கூட விடமாட்டா" என்றார் அப்பா.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாதாம். எனக்கு இன்று தெரிந்தது.

அப்பா அடிக்கிறவர் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார். சின்ன வயதில் ஒரு தடவை அவர் கரண்ட் பார்க்கிற மீட்டரை உடைத்துவிட்டேன். எத்தனை நாள் பேசவில்லை என்று நினைவில்லை. சோறு இறங்காதது மட்டும் நினைவிருக்கிறது. இப்போது சொன்னால் முன்பணம் போகும், இருக்கிற வீடும் போகும். எல்லாம் என் வாயால் போகும். சொல்லாவிட்டால்? அதுவும் போகும். கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை நான் அங்கே போய்க் காத்திருப்பேன். இன்று எனக்குப் பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒரு பெண். கறுப்புக் கோட்டு மடியில். ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா மெல்ல என் காதில், "வக்கீலம்மா, மாடியிலதான் ஆபீஸ். தொந்தரவு பண்ணாதே" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தொந்தரவு பண்ணினேன்.

"மேடம், ஒரு வீடு அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சொந்தம்னா, அண்ணன் மட்டும் வித்துட முடியுமா?"

தலையை ஆட்டினார். முடியாது என்று. பிறகு யோசித்து, ஒரு பக்க வாயால், "தன் பாதியை விக்கலாம்" என்றார். குழறலாக வந்தது. எச்சிலைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப முழுசுன்னு நெனச்சு வாங்கினவங்க?"

அவர் நாற்காலியில் நகர்ந்து பாதியில் உட்கார்ந்து, மீதிப் பாதியைத் தட்டிக் காட்டினார். "இங்க இன்னொருத்தர் உக்காந்திருப்பார். எழுந்திருன்னு சொல்ல முடியாது."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமாவின் வண்டி ஜோக்கையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் இல்லம்மா. எதிரெதிரா வர்ற ரெண்டு வண்டி. ரெண்டையும் ஒரே ஆள் ஓட்டினா எப்படி இருக்கும்?"

"ஆனா அந்த வக்கீலுக்கு எங்கப்பாவும் காசு கொடுக்கறாரே. அவர் சொல்ல வேண்டாமா?"

"உங்கப்பா கொடுக்கறது எழுதற கூலி. பாக்கற கூலியை வேண்டாம்னுட்டாரே. அந்தாளு முதல்லயே சொல்லியும் இருக்கார், நான் உங்க ஆள் இல்லன்னு. யாரும் இதைக் காதுல வாங்கறதில்லை. வீட்டுக்கே அவ்வளவு கொட்டிக் கொடுப்பாங்க. வக்கீலுக்குன்னா மட்டும் கை சுருங்கிடும்." கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு ஒரு விரலை நீட்டினார். "கையெழுத்துக்கு முன்னாடின்னா முன்பணத்துக்குச் சண்டை போடலாம். கையெழுத்துக்கு அப்புறம்னா வீட்டுக்கே சண்டை போடணும். எது சுலபம்?"

"உங்க கட்டணம் எவ்வளவு மேடம்?" என்று பயந்துகொண்டே கேட்டேன். என்னிடம் பேருந்துக் காசுதான் இருந்தது.

"நாக்கு மரத்திருக்கறப்போ இலவசம். நாளைக்குக் கேட்டா காசு. உங்கப்பாவை வரச் சொல்லு."

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வகுப்புக்குப் போகாதது, மாடி அக்கா, சிரிப்பு, வக்கீலம்மா, எல்லாம். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. அப்பாடா, இனிமேல் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பா."

"அம்மா, வக்கீலம்மா சொன்னாங்க—"

"உங்கப்பா வாழ்க்கையில இப்பத்தான் ஒரு காரியத்துக்குச் சிரிக்கிறார். மெள்ளப் பேசு. முதல்ல கையெழுத்து ஆகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறமா? அப்புறம் என்னத்தைப் பாக்கறது? கிணத்துல விழுந்த பிறகு ஆழம் பாக்கறதா? பெரியவங்களுக்கு என்னதான் ஆகுது? எனக்குக் கணக்கில் ஒரு படி விட்டுப் போனால் அம்மாவே கத்துவாள். நான் கத்தவில்லை. தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் ஒரே தம்ளரைக் கழுவினாள். அவளுக்கும் பயம். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

அப்பாவிடம் சொல்லப் போனேன். சுவருக்கு எந்தச் சாயம் அடிக்கலாம் என்று அட்டையை நீட்டினார். "உன் ரூமுக்கு நீயே சொல்லு." இளநீலம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தூ.

மார்ச் 18, புதன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எல்லோரும் வக்கீல் ஆபீஸ் போனோம். மாமா படம் எடுக்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சிரிப்பு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். வக்கீல் பத்திரத்தை வேகவேகமாக வாசித்தார். நான்கு எல்லை, இத்தனை அடி, இன்னாருக்கு இன்னார். எல்லோரும் பாட்டுக் கேட்பது போலத் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

"தங்கச்சி எங்க கையெழுத்துப் போடுவாங்க?"

என் குரல்தான். எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

"எந்தத் தங்கச்சி?" என்றார் அப்பா.

"மாடியில இருக்கறவங்க. இவரோட தங்கச்சி. வாடகைக்கு இல்லப்பா. பாதி வீடு அவங்களுது."

மாமா, "பெரியவங்க பேசற இடத்துல உனக்கென்ன வாய்?" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தார். "சார், பாப்பா அன்னிக்கு வகுப்புக்குப் போகாம எங்க வீட்டுப் பக்கம் சுத்திக்கிட்டிருந்துச்சு. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "போனியா?"

"போனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அம்மா, தரையைப் பார்த்தபடியே, "தங்கச்சி இருக்காங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள். அம்மா அந்நியர் முன்னால் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

சிரிப்பு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்பா வக்கீல் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

வக்கீல் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். "நான் இவருக்கு வக்கீல். இவர் சொன்னதை வச்சு எழுதினேன். உங்களுக்காகத் தேடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது நீங்க."

"தெரியுமா, தெரியாதா?"

"அதுக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க."

அப்பா பேனா மூடியைப் போட்டார். ஒரே தடவையில் பொருந்தவில்லை. பேனாவைப் பையில் குத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் பின்னாலேயே போனோம். மாமா மட்டும், படம் எடுக்க வந்தவர், கேமராவைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

வழியில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடமும் இல்லை. என்னிடம் இல்லவே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

பேசவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

நடக்காத கையெழுத்துக்கு வக்கீல் கட்டணம் கேட்டிருக்கிறார்! பத்திரம் எழுதியதற்கு முழுசு. கையெழுத்து நாளில் அவருடைய காலை நேரம் வீணானதற்கு ஒரு தொகை. மாமா வந்து குதித்தார். "அந்தாளு நம்மள ஏமாத்துனதுக்கு நாமளே கூலியா?" அம்மா, "ஒரு வக்கீல் போதும்னது நீதானே, நீயே போய்க் குறைச்சுட்டு வா" என்றாள். மாமாவுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

இந்த வீட்டுக்காரரிடம் அம்மா போய் நின்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் தருகிறேன் என்றாராம். அதற்குப் பிறகு எங்கே போவோம்? முன்பணம் சிரிப்பிடம்தான் இருக்கிறது. கேட்டால், "கையெழுத்துப் போடாம எழுந்து போனது அவர்தானே" என்கிறாராம்.

அப்பா கடைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். கல்லுக்குக்கூட ஒரு முகம் இருக்கும். தட்டை நான் வைத்தால் எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? இளநீல அறையாவது கிடைத்திருக்கும். மாடியில் ஒருத்தி தூங்கினால் தூங்கிவிட்டுப் போகிறாள். இல்லை. சீ. நான் ஏன் இப்படி எழுதுகிறேன்?

மார்ச் 27, வெள்ளி

சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அப்பா மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். மாடி அக்கா தூங்கி எழும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"எங்கிட்ட யாருங்க கேட்டா? முறையா எம் பங்கைக் கொடுத்தா நானும் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். எனக்கு மட்டும் இந்த மாடிப்படி மேல ஆசையா, வேலை முடிஞ்சு வந்து தினம் ஏற?"

அவ்வளவுதானாம்! கேட்டிருந்தால் போதுமாம்! இத்தனை நாள் நான் சோறு தண்ணி இல்லாமல் செத்ததெல்லாம் எதற்கு? எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வக்கீலம்மாவைப் பற்றியும் அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டார்" என்றாள்.

அப்பா சும்மா இருந்தால் என்ன நினைக்கிறார் என்று எப்படித் தெரியும்? அவரையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும் போல. அதற்கு யார்—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா என்றால் கூப்பிட்டுக்கொண்டே தட்டுவாள். குழாயைத் திறந்துவிட்டேன், குளிக்கிறேன் என்று நினைக்கட்டும். ஐயோ, இந்நேரத்தில் யார் குளிப்பார்கள்? மூளையே இல்லை எனக்கு.

அப்பா.

அப்பாதான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறார். என்னிடம். "தண்ணியை மூடு, வீணாப் போகுது" என்றார். மூடினேன். போய்விட்டார் என்று நினைத்தேன். போகவில்லை.

"நாளைக்கு அந்த வக்கீலம்மாவைப் பாக்கப் போறேன். நீயும் வா. எம் பக்கத்துல உக்காரு. நான் பேரம் பேச வாயைத் திறந்தேன்னா என் காலை மிதிச்சுடு. பலமா மிதி, என்ன?"

மறுபடியும் தட்டுகிறார். தாழ்ப்பாளை எடுக்கணும், இந்த நோட்டை முதல்ல எங்க